கட்டைவிரலுக்கு 30 விழுக்காடு

ஆட்காட்டி விரல் முழுதாகப் போனால் 14 விழுக்காடு. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டுவிரலோ போனால் 7. கட்டைவிரலுக்கு 30. ஒரு கண் போய் மறுகண் நன்றாக இருந்தால் 40. இரண்டு கைகளும் போனால் 100.

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை இப்படித்தான் போகிறது. எந்த உறுப்பு போனால் ஒருவரின் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறையும் என்று அரசு போட்டு வைத்த கணக்கு இது. நம் கூட்டங்களில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவுகளை மனப்பாடமாகச் சொல்லும் தோழர்கள் இருக்கிறார்கள். இட ஒதுக்கீட்டு வழக்குகளை ஆண்டோடு சொல்லும் மாணவர்கள் இருக்கிறார்கள். இந்த அட்டவணையைப் படித்தவரைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் தோல் ஷாப்பிலும் கல்குவாரியிலும் சாக்கடைக் குழியிலும் கட்டட வேலையிலும் விரலையும் கண்ணையும் நுரையீரலையும் பறிகொடுத்துக்கொண்டிருப்பவர்கள் யார்? நம் வீட்டு ஆட்கள்தானே.

உழைக்க முடியாமல் போன உடலுக்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் மூன்று பதில்கள் இருக்கின்றன. முதலாளி ஒரு தொகையைக் கொடுத்துக் கணக்கை முடிப்பது இழப்பீடு. எல்லோரும் சேர்ந்து கட்டிய நிதியிலிருந்து மாதாமாதம் ஆயுள் முழுக்க வருவது காப்பீடு. அரசு மனமிரங்கிக் கொடுப்பது நிவாரணம். செய்தித்தாள்கள் மூன்றையும் ஒரே சொல்லால் எழுதிவிடும். முதலாவதை வழக்காடி வாங்க வேண்டும். இரண்டாவது வங்கிக் கணக்கில் வந்து விழும். மூன்றாவதுக்கு ஆட்சியர் அலுவலக வாசலில் மனுவோடு நிற்க வேண்டும். நம் மக்களில் பெரும்பாலோர் எந்த வரிசையில் நிறுத்தப்பட்டார்கள், எப்போது, எப்படி என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

சட்டம் முதலில் பேசிய மொழியிலிருந்து தொடங்குவோம். 1859ல் கல்கத்தா, சென்னை, பம்பாய் மாநகரங்களுக்கென்று பிரிட்டிஷ் அரசு ஒரு சட்டம் போட்டது. பிறகு அது மற்ற பகுதிகளுக்கும் நீண்டது. முன்பணம் வாங்கிக்கொண்டு வேலை செய்யாத தொழிலாளியை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தலாம். வேலையை முடி, இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடு என்று அவர் உத்தரவிடுவார். மீறினால் மூன்று மாதம் வரை சிறை. முதலாளி பேச்சை மீறினால் அதே சட்டத்தில் அவருக்குச் சிறை கிடையாது. வேலை செய்யாத உடல் என்றால் அரசுக்கு அன்று தெரிந்தது வசூலாகாத முன்பணம் மட்டும்தான். அந்த முன்பணத்துக்குச் சட்டம் வந்து 64 ஆண்டுகள் கழித்துத்தான் அறுந்த கைக்குச் சட்டம் வந்தது.

கிராமத்தில் அந்தச் சட்டம்கூடத் தேவைப்படவில்லை. தஞ்சைப் பண்ணைகளில் படியாளாக இருந்தவரின் கடன் அவரோடு முடியவில்லை, மகனுக்கு இறங்கியது. அப்பாவுக்கு முதுகு ஒடிந்தால் பிள்ளை ஏர் பிடிக்க வந்தாக வேண்டும். உடைந்த உடலுக்கு ஈடு அடுத்த தலைமுறையின் உடல் என்பதுதான் சாதி எழுதி வைத்திருந்த காப்பீட்டுப் பத்திரம்.

இங்கிலாந்திலும் ஆரம்பத்தில் நிலைமை மெச்சும்படி இல்லை. 1837ல் இறைச்சிக் கடைப் பணியாள் ஒருவர், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டி உடைந்து காயப்பட்டு, முதலாளி மேல் வழக்குப் போட்டார். நீதிமன்றம் ஏற்கவில்லை. அதிலிருந்து ஒரு கோட்பாடே வளர்ந்தது. வேலைக்கு வந்தவர் அதன் ஆபத்தையும் தெரிந்தேதான் வந்தார், கூடவே வேலை செய்பவரின் கவனக்குறைவால் அடிபட்டால் முதலாளி பொறுப்பில்லை என்றார்கள். 1897 வரை அங்கே தொழிலாளியின் கையைக் கட்டிப்போட்டது இந்தக் கோட்பாடுதான். மாற்று வழியைக் காட்டியது ஜெர்மனி. 1883ல் நோய்க் காப்பீடு, 1884ல் விபத்துக் காப்பீடு, 1889ல் முதுமைக்கும் உடல் முடங்கிப் போவதற்குமான காப்பீடு. கொண்டுவந்த பிஸ்மார்க் தொழிலாளர் தோழர் கிடையாது. சோசலிஸ்ட் கட்சியைத் தடைசெய்தவரும் அவரேதான். சங்கம் வளர்வதைப் பார்த்துப் பயந்து கொடுத்தார். பயந்து கொடுத்தாலும் நல்ல யோசனைதான்: யார் தப்பு என்று தேடாதே, உழைக்க முடியவில்லை என்றால் நிதியிலிருந்து கொடு.

இந்தியாவுக்கு 1923ல் வந்தது தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். 1924 ஜூலை 1 முதல் நடைமுறை. ஜெர்மன் வழியை விட்டுவிட்டு, இங்கிலாந்தின் 1897 சட்டத்தின் வழியை எடுத்துக்கொண்டார்கள். நிதி கிடையாது, மாத ஓய்வூதியம் கிடையாது. வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நடந்தால் முதலாளி ஒரு தொகை கொடுக்க வேண்டும். முழுமையாகவும் நிரந்தரமாகவும் முடங்கிப் போனால் 42 மாத ஊதியம் அல்லது 3,500 ரூபாய், இதில் எது குறைவோ அது. அந்த ‘குறைவோ’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இன்றைய சட்டத்தில் அந்த இடத்தில் ‘எது அதிகமோ’ என்று இருக்கிறது. இந்த ஒரு சொல்லை மாற்றவே பல பத்தாண்டுகள் ஆயின. அன்றைய அட்டவணையில் வலது கைக்கு ஒரு விழுக்காடு, இடது கைக்கு அதைவிடக் குறைவு என்றுகூட இருந்தது.

யாருக்கெல்லாம் இந்தச் சட்டம்? ஆலை, சுரங்கம், ரயில்வே, துறைமுகம். வயல் இல்லை. நாட்டின் உழைப்பாளிகளில் பெரும்பகுதி, அதிலும் ஒடுக்கப்பட்ட சாதியினரில் மிகப்பெரும்பகுதி, சேற்றில் நின்றுகொண்டிருந்த காலம் அது. பின்னாளில் பண்ணை வேலை பட்டியலுக்குள் வந்தபோதும் அதன் வாசகம் எப்படி இருந்தது தெரியுமா? டிராக்டர் முதலான இயந்திரத்தால் நடக்கும் விவசாயத்தில் வேலை செய்பவர் என்று. இயந்திரத்தில் அடிபட்டால் தொழிலாளி. பாம்பு கடித்தால் அவர் யாரோ எவரோ.

தொழில்நோய்களுக்கும் ஒரு பட்டியல் இருந்தது. அதன் தொடக்கத்திலேயே ஆந்த்ராக்ஸ் இருந்தது. கம்பளி, மயிர், தோல் கையாளும் வேலையில் வரும் நோய். தோல் வேலை செய்யும் மக்கள் மேல் வெள்ளையருக்கு வந்த பரிவு என்று நினைத்துவிடாதீர்கள். பிராட்போர்டு கம்பளி ஆலைகளில் வெள்ளைத் தொழிலாளிகள் செத்ததால் இங்கிலாந்தின் 1906 சட்டத்தில் ஏறிய நோய் அது. அங்கிருந்து இங்கே பெயர்த்து எழுதப்பட்டது. செத்த மாட்டை உரித்துப் பிழைத்த நம் பாட்டன்மார்கள் தலைமுறை தலைமுறையாக அந்தக் கிருமியோடுதான் வாழ்ந்தார்கள். அவர்களை வேலைக்கு வைத்த முதலாளி என்று யாரும் இல்லை, ஊரே முதலாளி. ஊர் மேல் வழக்குப் போட எந்தச் சட்டத்தில் பிரிவு இருக்கிறது?

இதில் கோலார் தங்கவயலைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. வட ஆற்காடு, சித்தூர் பக்கங்களிலிருந்து பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் தப்பித்துப் போன நம் மக்கள் கட்டிய ஊர் அது. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்தச் சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. பண்டிதரின் ‘தமிழன்’ ஏட்டை அவர் காலத்துக்குப் பிறகு அப்பாதுரையார் அங்கிருந்து நடத்தினார். சேரியை விட்டு வெளியேறிய மக்களுக்குக் கூலி, பள்ளி, சங்கம், பத்திரிகை எல்லாம் கிடைத்த இடம். ஆனால் பூமிக்கு அடியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய்ப் பாறையைத் துளைத்தவர்கள் அந்தப் பொடியைத்தான் மூச்சாக இழுத்தார்கள். இந்தியாவில் சிலிகோசிஸ் நோய் முதன்முதலில் பதிவானதே 1934ல் கோலாரில்தான். 1940களில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது ஏறக்குறைய பத்தில் நான்கு பேருக்கு நுரையீரலில் அந்த நோய் இருந்தது.

விபத்துக்கென்று எழுதிய சட்டம் சிலிகோசிஸ் முன்னால் விழித்து நிற்கும். விரல் போனால் தேதி உண்டு, நேரம் உண்டு, பார்த்த சாட்சி உண்டு. நுரையீரல் போவதற்குப் பத்து ஆண்டுகள், இருபது ஆண்டுகள் ஆகும். அதற்குள் தொழிலாளி வேலையை விட்டு ஊருக்குத் திரும்பியிருப்பார். இருமல் முற்றியதும் உள்ளூர் மருத்துவர் ‘டி.பி.’ என்று எழுதுவார். டி.பி. என்றால் வறுமை நோய், முதலாளிக்குச் சம்பந்தம் இல்லை. மைசூர் சமஸ்தானம் 1940ல் சிலிகோசிஸுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. அந்த அளவுக்கு நோய் கண்ணுக்குத் தெரிந்தது. 2001ல் சுரங்கமே மூடப்பட்டது. தூசி மட்டும் அவர்களோடு வீட்டுக்குப் போனது. இன்று கல்குவாரியிலும் கிரஷரிலும் எம்சாண்ட் அரைக்கும் இடத்திலும் நிற்பவர்களுக்கு நடப்பதும் இதேதான்.

சரி, காப்பீடு எப்போது வந்தது? 1931ல் விட்லி ஆணையம் என்று அழைக்கப்படும் அரச தொழிலாளர் ஆணையம் நோய்க் காப்பீடு வேண்டும் என்று எழுதியது. அரசுகள் பத்தாண்டுக்கும் மேல் அதைத் தூசி தட்டவில்லை. 1942 ஜூலையில் அண்ணல் அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். 1943 மார்ச்சில் பேராசிரியர் பி.பி. அதர்க்கரிடம் தொழிலாளர் நலக் காப்பீட்டுத் திட்டம் தயாரிக்கும் பொறுப்பு தரப்பட்டது. 1944 ஆகஸ்டில் அறிக்கை வந்தது. அடுத்த ஆண்டு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வல்லுநர்கள் ஸ்டாக், ராவ் இருவரும் அதைப் பார்த்து ஒரு முக்கியமான மாற்றம் சொன்னார்கள். நோய்க்கு மட்டும் காப்பீடு என்று இருந்த திட்டத்தில் மகப்பேறையும் வேலைக் காயத்தையும் சேர்த்துவிடுங்கள் என்றார்கள். இந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது. காயத்துக்கு முதலாளி கையிலிருந்து ஒரு தொகை என்பது போய், பொது நிதியிலிருந்து ஆயுள் முழுக்க மாதப் பணம் என்ற யோசனை இந்தியச் சட்டத்துக்குள் நுழைந்தது.

ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். ‘இ.எஸ்.ஐ. சட்டத்தை அம்பேத்கர் நிறைவேற்றினார்’ என்று ஒவ்வொரு ஏப்ரல் 14 அன்றும் வாட்ஸ்அப்பில் படம் வரும். அவர் 1946ல் பதவியிலிருந்து விலகிவிட்டார். மசோதாவை 1946 இறுதியில் கொண்டுவந்தவர் இடைக்கால அரசின் தொழிலாளர் அமைச்சர் ஜெகஜீவன்ராம். சட்டம் ஆனது 1948 ஏப்ரலில். அடித்தளம் அண்ணலுடைய காலத்தில் போடப்பட்டது, கட்டடம் பாபு ஜெகஜீவன்ராமின் காலத்தில் எழுந்தது. அரசியலில் எதிரெதிர் முகாம்களில் நின்ற இரண்டு தலித் தலைவர்களின் மேசைகளைத் தாண்டித்தான் இந்தியாவின் முதல் சமூகக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. உண்மையே இவ்வளவு பெரியதாக இருக்கும்போது மிகைப்படுத்த என்ன இருக்கிறது?

ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் யார் போக முடிந்தது? அதர்க்கர் அறிக்கை பஞ்சாலை, பொறியியல், கனிம உலோகம் என்ற மூன்று பிரிவுகளோடு தொடங்கியது. பம்பாய் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவுக்குள் தீண்டப்படாத சாதியினரை விடுவதில்லை என்பது அண்ணலுக்குத் தெரியாதா? அறுந்த நூலை நாடாவின் துளை வழியே வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும், எச்சில் படும் என்பதுதான் காரணம். நல்ல கூலி நெசவில். தலித்துகள் கூலி குறைந்த பிரிவுகளில். 1928 வேலைநிறுத்தத்தின்போதே அவர் இதை எழுப்பினார். கூலியின் ஒரு பங்காகத்தான் காப்பீட்டுப் பணம் கணக்கிடப்படுகிறது என்றால், சாதி கூலியில் போட்ட வெட்டு காப்பீட்டிலும் அப்படியே தொடரும். அதே விரல், அதே 14 விழுக்காடு. எதன் 14 விழுக்காடு என்பதில்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது.

அண்ணலின் சொந்தத் திட்டம் இதைவிடப் பெரியது. 1947ல் அரசியல் நிர்ணய சபைக்காக அவர் எழுதிய ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ அறிக்கையைப் பாருங்கள். காப்பீட்டுத் தொழில் முழுவதும் அரசிடம் இருக்க வேண்டும், வயது வந்த ஒவ்வொரு குடிமகனும் தன் கூலிக்கு ஏற்ற ஆயுள் காப்பீடு எடுக்க அரசு வகை செய்ய வேண்டும், விவசாயம் அரசுத் தொழிலாக வேண்டும் என்கிறார். அதாவது ஆலைக்கு உள்ளே, வெளியே என்ற பிரிவே இல்லை. நிலமற்ற கூலி என்று ஒருவர் இருக்கக் கூடாது என்பதும், காப்பீடு இல்லாதவர் என்று ஒருவர் இருக்கக் கூடாது என்பதும் அவருக்கு ஒரே திட்டத்தின் பகுதிகள். நாடு அதை ஏற்கவில்லை. ஆலைக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் இ.எஸ்.ஐ. என்பதோடு நின்றுகொண்டது.

1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் நேரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். தமிழகத்துக்கு 1955 ஜனவரியில் கோவை பஞ்சாலைத் தொழிலாளர்கள் வழியாக வந்தது. இன்று மாதம் 21,000 ரூபாய் வரை வாங்கும் தொழிலாளிக்கு இது பொருந்தும். அவர் கூலியில் 0.75 விழுக்காடு பிடிப்பார்கள், முதலாளி 3.25 விழுக்காடு கட்ட வேண்டும். நோய் வந்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு. காசநோய், புற்றுநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு 80 விழுக்காடு வீதம் இரண்டு ஆண்டுகள் வரை. வேலையில் அடிபட்டுத் தற்காலிகமாக முடங்கினால் குணமாகும் வரை 90 விழுக்காடு. நிரந்தரமாக ஊனமானால், இழந்த திறனின் அளவுக்கு அந்த 90 விழுக்காட்டில் ஒரு பங்கு ஆயுள் முழுக்க. வேலைக் காயத்துக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு.

ஒரு கணக்குப் போட்டால் இழப்பீட்டுக்கும் காப்பீட்டுக்கும் உள்ள வித்தியாசம் புரியும். 30 வயது, 15,000 ரூபாய் சம்பளம், கட்டைவிரல் போய்விட்டது. இழப்பீட்டுச் சட்டப்படி சம்பளத்தில் 60 விழுக்காடான 9,000 ரூபாயை 30 வயதுக்கான காரணி 207.98 ஆல் பெருக்க வேண்டும்; 18,71,820 ரூபாய். அதில் 30 விழுக்காடு 5,61,546 ரூபாய். ஒரே தவணை, அத்தோடு சரி. இ.எஸ்.ஐ.யில் இருந்தால் 13,500 ரூபாயில் 30 விழுக்காடு, மாதம் 4,050 ரூபாய். பன்னிரண்டு ஆண்டு முடிவதற்குள் அது இழப்பீட்டுத் தொகையைத் தாண்டிவிடும், அதற்குப் பிறகும் சாகும்வரை வரும். வேறு வேலைக்குப் போய்ச் சம்பாதித்தாலும் நிற்காது. கந்துவட்டிக்காரர் ஒரே நாளில் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. மொத்தத் தொகை வாங்கியவர் வீட்டில் ஆறு மாதம் கழித்து என்ன மிச்சம் இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

இவ்வளவு நல்ல திட்டத்தின் வாசலில் ஒரு சிறிய சொற்றொடர் நிற்கிறது: பருவகால ஆலைகள் நீங்கலாக. சர்க்கரை, வெல்லம், நிலக்கடலை உடைத்தல், பருத்தி அரவை, தேயிலை, காபி, ரப்பர் எல்லாம் இதில் அடங்கும். கரும்பும் கடலையும் தேயிலையும் யார் கைகளில் ஓடும் தொழில்கள் என்று சொல்ல வேண்டுமா? சட்டம் சாதியின் பெயரைச் சொல்லவே இல்லை. தொழிலின் பெயரைச் சொன்னது. நம் நாட்டில் அது போதும்.

வெளியே நிற்பவருக்கு மிஞ்சுவது மூன்றாவது வரிசை. மத்திய அரசின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், 80 விழுக்காடு ஊனம் இருக்க வேண்டும். மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய். கட்டைவிரலுக்கு 30தான். ஒரு கண்ணுக்கு 40தான். 80க்கு எங்கே போவது?

இந்த விழுக்காடு பற்றி ஒரு முக்கியமான சட்டப் புள்ளியை இளம் தோழர்கள் நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அட்டவணையில் உள்ள எண் ஆரம்பம்தான். 1968ல் ஒரு திரையரங்கில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்து இடது கையை இழந்தார். கை போனால் இத்தனை விழுக்காடு என்று முதலாளி அட்டவணையைக் காட்டினார். 1975ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இவருக்கு 100 விழுக்காடு இழப்பு என்றது. உடலில் எவ்வளவு போனது என்பது ஒரு கேள்வி, பிழைப்பில் எவ்வளவு போனது என்பது வேறு கேள்வி.

இதை நம் மக்களின் நிலையோடு பொருத்திப் பாருங்கள். மருத்துவக் குழு சாதாரணமாகச் சொல்லும் வாசகம், ‘உட்கார்ந்து செய்யும் வேறு வேலை செய்யலாம்’. எந்த வேலை? எழுத்தர் வேலையா, கல்லாவில் உட்காரும் வேலையா? தலைமுறையாகத் துடைப்பத்தையும் வாளியையும் தவிர வேறு எதையும் தொட விடாத ஊரில், 45 வயதில் கால் போன ஒரு தூய்மைப் பணியாளரை எந்த ஹோட்டல் முதலாளி கல்லாவில் உட்கார வைப்பார்? மாற்று வேலைக்கான கதவைச் சாதி அடைத்து வைத்திருக்கிறது என்றால், அதுவும் சம்பாதிக்கும் திறன் இழப்பில் சேர வேண்டும். இழப்பீட்டு ஆணையர் முன்னால் இந்த வாதத்தைத் தச்சர் வழக்கோடு சேர்த்து வைக்க வேண்டும். வெறும் மேடைப் பேச்சாக விட்டுவிடக் கூடாது.

மலக்குழிக்கு வருவோம். பாதாளச் சாக்கடை கட்டுதல், இயக்குதல், பழுதுபார்த்தல் எல்லாம் இழப்பீட்டுச் சட்டத்தின் வேலைப் பட்டியலில் இருக்கின்றன. இருந்தும் குழியில் விஷவாயு தாக்கியவர்கள் அந்தச் சட்டத்தின்படி வாங்கியது அபூர்வம். ‘எங்கள் ஆள் இல்லை, காண்ட்ராக்டர் ஆள்’ என்று நகராட்சி சொல்லும். ‘நான் இறங்கச் சொல்லவில்லை, குடித்துவிட்டு அவனாக இறங்கினான்’ என்று காண்ட்ராக்டர் சொல்வார். 1993ல் ஒரு தடைச் சட்டம், 2013ல் இன்னொரு தடைச் சட்டம். 2014 மார்ச் 27 அன்று சஃபாய் கர்மசாரி அந்தோலன் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. பெரிய வெற்றி அது. ஆனால் அது செத்தவருக்கான எண். உயிரோடு தூக்கி வெளியே போடப்பட்டு, மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் நினைவு தடுமாறி, நுரையீரல் வெந்து, இனி எந்த வேலைக்கும் ஆகாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கு எண் எதுவும் இல்லை. 2023 அக்டோபர் 20 தீர்ப்பில்தான் அது வந்தது. மரணத்துக்கு 30 லட்சம், நிரந்தரமாக ஊனமாகிப் பிழைக்க வழியற்றுப் போனவருக்கு 20 லட்சத்துக்குக் குறையாமல், மற்ற ஊனங்களுக்கு 10 லட்சத்துக்குக் குறையாமல். இடையில் ஒன்பது ஆண்டுகள். சாக்கடை மரணங்களின் எண்ணிக்கையை நாடாளுமன்றத்தில் கேட்கிறார்கள், தமிழ்நாடு அதில் முன்வரிசையில் நிற்கிறது. உயிர் பிழைத்தவர்களின் எண்ணிக்கையைக் கேட்டு யாரும் எழுந்து நின்றதாகத் தெரியவில்லை.

இந்தத் தீர்ப்பின் தொகையும் ஒரே தவணைதான் என்பதை மறக்க வேண்டாம். அதை வாங்குவதோடு நம் வேலை முடியவில்லை. காண்ட்ராக்டர் ஆள் என்று கைகழுவும் நகராட்சிக்கு இழப்பீட்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவிலேயே பதில் இருக்கிறது. வேலையைக் காண்ட்ராக்டுக்கு விட்டாலும் முதன்மை முதலாளியிடம் இழப்பீடு கேட்கலாம். விபத்து நடந்த அன்றிரவு ஆஸ்பத்திரி வாசலில் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து வெற்றுத்தாளில் கைரேகை வாங்குவார்கள். உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று 17ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே கைரேகை போட்டுவிட்டோமே என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 விழுக்காடு வட்டி, நியாயமான காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் தொகையில் பாதி வரை அபராதம். இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். குடித்திருந்தான் என்ற வாதம் மரணத்திலும் முழுமையான நிரந்தர ஊனத்திலும் எடுபடாது.

இ.எஸ்.ஐ. பொருந்தும் இடத்தில் முதலாளி பெயரைப் பதிவு செய்யாமல் ஏமாற்றியிருந்தால்? தமிழகத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே அவர் காப்பீடு பெற்றவர். விபத்துக்குப் பிறகுதான் பெயர் எழுதினார்கள் என்பதற்காகப் பணம் மறுக்க முடியாது. சந்தாவை முதலாளியிடம் வசூலிப்பது கழகத்தின் வேலை. வேலையில் அடிபடாமல் வேறு நோயால் முடங்கியவருக்கும் வழி இருக்கிறது. வருங்கால வைப்பு நிதியில் ஒரே ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலும், முழுமையாகவும் நிரந்தரமாகவும் முடங்கினால் 1995 ஓய்வூதியத் திட்டத்தில் ஊன ஓய்வூதியம் உண்டு. குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்பது கேவலமான தொகைதான். அந்த ஆயிரத்தையும் கேட்காமல் விட்ட குடும்பங்கள் நம் தெருவிலேயே இருக்கும்.

2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டங்களின் இடத்தில் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. மேலே நான் சொன்னவை பழைய பிரிவு எண்கள். மனு எழுதும்போது புதிய எண்ணைப் பார்த்துப் போடுங்கள். விரல் விழுக்காட்டுப் பட்டியல் புதிய தொகுப்பிலும் இருக்கிறது. பருவகால ஆலைகள் நீங்கலாக என்ற சொற்றொடரும் இருக்கிறது. ஆனால் முன்பு இல்லாத ஒரு வழியும் திறந்திருக்கிறது. உயிருக்கு ஆபத்தான தொழில் என்று மத்திய அரசு அறிவித்தால், ஒரே ஒரு தொழிலாளி இருக்கும் இடத்துக்கும் இ.எஸ்.ஐ. பொருந்தும். சாக்கடைக்குள் ஆளை இறக்கும் ஒவ்வொரு லாரி முதலாளியும், கழிவுத்தொட்டி எடுக்கும் ஒவ்வொரு காண்ட்ராக்டரும், கல் உடைக்கும் ஒவ்வொரு கிரஷரும் அந்த அறிவிக்கைக்குள் வர வேண்டும் என்று தொழிலாளர் அமைச்சகத்துக்கு எழுத வேண்டியது நாம்தான். மாணவர் அமைப்புகள் இதைக் கையிலெடுக்கலாம். சட்டக் கல்லூரித் தோழர்கள் மனுவின் முதல் வரைவை எழுதலாம்.

அதுவரை, அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு ஓடும்போது செய்ய வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது. விபத்துப் பதிவேட்டில் டாக்டர் எழுதும் இரண்டு வரியில் ‘தவறி விழுந்தார்’ என்று மட்டும் இருக்கும்படி விட்டுவிடாதீர்கள். எந்த இடத்தில், யாருடைய வேலையில், எத்தனை மணிக்கு என்று சொல்லி எழுத வையுங்கள். ஏ.ஆர். காப்பியைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காண்ட்ராக்டரின் ஆள் உங்களுக்கு முன்பே அங்கே போய் நிற்பார்.